மழை விட்டும் மின்சாரம் வராத நாட்களுக்கு: கையில் தூக்கிச் செல்லும் சோலார் ஏற்பாடு

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். அன்று காலை தொடங்கி மறுநாள் காலை முடிய 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த வட்டாரம் ஓர் ஆண்டு முழுவதும் காணும் மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரைமீறி நெல்லை மாநகரின் தாழ்வான தெருக்களுக்குள் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. அந்த ஊருக்கு மேற்கே, ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சிற்றூரில் ஞாயிறு இரவு போன மின்சாரம் ஆறாம் நாள்தான் திரும்பியது.

அந்த ஆறு நாட்களில் என் மனத்தில் ஆழப் பதிந்தது மழையன்று. மழை விட்ட பிறகு அடித்த வெயில். தட்டட்டியில் (மொட்டைமாடியில்) விரித்த ஈரத்துணிகள் நண்பகலுக்குள் காய்ந்துவிட்டன. அதே தட்டட்டியில் நின்றுகொண்டு, சென்னையிலிருக்கும் மகனுக்கு 'நான் நலமாக இருக்கிறேன்' என்று ஒரு சொல் சொல்ல வழியில்லாமல், அணைந்துபோன கைப்பேசியைக் கையில் வைத்தபடி எதிர் வீட்டு ஆச்சி கேட்டார்: "இம்புட்டு வெயில் அடிக்கு, ஒரு போனுக்கு உசிர் குடுக்க முடியலியே தம்பி?" அன்று என்னிடம் விடையில்லை. அதன் பிறகு படித்தும், வாங்கியும், இரண்டு மழைக்காலங்களில் பயன்படுத்திப் பார்த்தும் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்யும் நாட்களைக் கடத்துவது பேட்டரி. மழை விட்டும் மின்சாரம் வராத நாட்களைக் கடத்துவது பேனல். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, பெரிய பேனலும் சிறிய பேட்டரியும் வாங்கியவர்கள் முதல் இரவிலேயே இருட்டில் உட்கார நேரும்.

கூரையில் பேனல் இருக்கிறதே என்பவர்களுக்கு

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியத்தில் நம் பக்கத்து வீடுகள் பலவற்றின் மேலும் இப்போது சோலார் பேனல்கள் ஏறியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் வகையைச் சேர்ந்தவை. மின்வாரியக் கம்பியில் மின்சாரம் நின்ற மறுகணம், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். இது பழுதன்று, பாதுகாப்பு ஏற்பாடு. அறுந்த கம்பியைச் சரிசெய்ய மின்கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் மீது உங்கள் வீட்டிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். எனவே, கூரையில் மூன்று கிலோவாட் பேனல் இருந்தாலும், பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் இல்லாவிட்டால், வெள்ள நாளில் அந்த வீடும் இருட்டில்தான் இருக்கும். பொருத்தியவரிடம் இதை இன்றே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் சாதாரண இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அதோடு வரும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் வகை ஈய அமில பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். அதை மாடிப்படிக்குக் கீழே தரையில் வைப்பதுதான் நம் வழக்கம். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அந்த இடம். கழுத்தளவு தண்ணீர் வரும் நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓட முடியாது. 2023-இல் எங்கள் தெருவில் இன்வெர்ட்டர் வைத்திருந்த நான்கு வீடுகளில் மூன்றில் நடந்தது இதுதான். மாடி உள்ளவர்கள் அதை மாடிக்கு மாற்றலாம். இல்லாதவர்கள் இடுப்புயரத்துக்குக் கல்மேடை கட்டி அதன்மேல் வைக்கலாம். ஆனால் நிவாரண முகாமுக்கோ உறவினர் வீட்டுக்கோ கையோடு எடுத்துச் செல்ல வேண்டுமென்றால், சுமக்கக்கூடிய சிறிய ஏற்பாடு ஒன்று தனியாக வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு காகிதமும் பேனாவும்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டுத் தேவையை வாட்-மணியில் எழுதிப் பாருங்கள். ஒரு கருவியின் வாட் அளவை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். ஐந்து வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, இரவில் ஆறு மணி நேரம் எரிந்தால் 60 வாட்-மணி. 5000 மில்லி ஆம்பியர்-மணி கைப்பேசி ஒன்றை முழுதாக ஏற்ற, இழப்பும் சேர்த்து ஏறத்தாழ 25 வாட்-மணி; மூன்று கைப்பேசிகளுக்கு 75. சிறிய ரேடியோவுக்கு 10. ஆக ஒரு நாளைக்கு 145 வாட்-மணி. ஒரு குடும்பம் இருட்டில்லாமலும் தொடர்பு அறாமலும் இருக்க இவ்வளவே போதும்.

இதோடு மின்விசிறியைச் சேர்த்தால் கணக்கு தலைகீழாகிறது. பழைய வகை மின்விசிறி 70 முதல் 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. வகை 30 வாட் அளவில் ஓடும். அந்த 30 வாட் விசிறியையே ஆறு மணி நேரம் ஓட்டினாலும் 180 வாட்-மணி ஆகிறது, அதாவது விளக்கு, கைப்பேசி, ரேடியோ எல்லாம் சேர்ந்ததைவிட அதிகம். மழை நாளில் விசிறி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வெள்ளம் வடிந்தபின் வரும் கொசுவில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல மனம் வராது. ஆகவே விசிறியைக் கணக்கிலிருந்து நீக்காமல், வெயில் திரும்பிய நாட்களுக்கு என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் உள்ள வீட்டில், மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்: 100 வாட் கருவி, ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் என்றால் 75 வாட்-மணி.

மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை இந்தக் காகிதத்தில் எழுதாதீர்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கைத் தொடங்கும் கணத்தில் இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் அதைத் தாங்காமல் நின்றுவிடும். வீட்டு மருத்துவத்துக்கான ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கருவி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதை நம்பியிருக்கும் நோயாளிக்கு இந்தச் சிறு ஏற்பாடு போதாது. மழை எச்சரிக்கை வந்ததுமே அவரை ஜெனரேட்டர் வசதியுள்ள மருத்துவமனைக்கு அருகில் கொண்டுபோய்விடுவதுதான் சரி.

மேலே சொன்ன 145 வாட்-மணிக் குடும்பத்துக்கு 500 வாட்-மணி பேட்டரி பொருத்தமானது. மாற்றத்தில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் அதிலிருந்து 400 வாட்-மணிக்குச் சற்று மேல் கையில் கிடைக்கும். சூரியனே தென்படாவிட்டாலும் ஏறக்குறைய மூன்று நாட்கள் ஓட்டலாம்.

எதை வாங்குவது

பேட்டரி, பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கண்ட்ரோலர், இன்வெர்ட்டர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய 'போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்' ஒரு வழி. தனித்தனியாக வாங்கி நாமே இணைப்பது இன்னொரு வழி. மின்வேலை தெரிந்தவர் வீட்டில் இல்லையென்றால் முதல் வழியையே பரிந்துரைக்கிறேன், விலை கூடுதலாக இருந்தாலும். நள்ளிரவில், கால் நனைந்த நிலையில், டார்ச் வெளிச்சத்தில் நேர்முனை எது எதிர்முனை எது என்று தேடும் நிலை அதில் வராது.

பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையா என்று கேட்டு வாங்குங்கள். கைப்பேசிகளில் உள்ள லித்தியம் வகையைவிட இது வெப்பத்தை நன்கு தாங்கும். ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். கொள்ளளவில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு வரை பயன்படுத்தலாம். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும். எனவே இரண்டின் மேலும் ஒரே எண் அச்சிட்டிருந்தாலும் கிடைக்கும் மின்சாரம் ஒன்றன்று.

பேனல் 100 வாட் போதும். மடக்கும் துணிவகைப் பேனல் எடை குறைவு, தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். ஆனால் வெயிலிலும் ஈரத்திலும் கண்ணாடிப் பேனல் அளவுக்கு நீண்ட நாள் உழைக்காது. வீட்டிலேயே இருக்கப்போகிறவர்கள் அலுமினியச் சட்டமிட்ட கண்ணாடிப் பேனலை வாங்கலாம். தாழ்வான இடத்தில் வீடு இருந்து, ஒவ்வொரு மழைக்காலத்திலும் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போக நேர்பவர்களுக்கு மடக்குப் பேனல்தான் ஏற்றது.

வாங்கும்போது பலரும் கவனிக்கத் தவறும் ஓர் எண், பெட்டி தாங்கக்கூடிய சோலார் உள்ளீட்டு வோல்ட். எடுத்துக்காட்டாக, பெட்டியில் 12 முதல் 28 வோல்ட் என்று எழுதியிருந்தால், எதனோடும் இணைக்காதபோது ஏறத்தாழ 22 வோல்ட் காட்டும் 100 வாட் பேனல் அதற்குப் பொருந்தும். அத்தகைய பேனல்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் 44 வோல்ட் ஆகி, பெட்டி பழுதாகும். பக்கவாட்டாக இணைத்தால் வோல்ட் கூடாது, ஆம்பியர் மட்டும் கூடும். கூரையிலிருக்கும் 540 வாட் பேனல் ஒன்றைக் கழற்றி இதில் மாட்டிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதன் வோல்ட் ஐம்பதை நெருங்கும்.

வயர் கனத்திலும் சிக்கனம் கூடாது. தட்டட்டியிலிருந்து அறைக்குள் பத்து மீட்டர் வயர் இழுத்தால், போகவர இருபது மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு அரை வோல்ட் அளவில் நிற்கும். தனித்தனியாக வாங்கி இணைப்பவர்கள், பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். கண்ட்ரோலரில் முதலில் பேட்டரியையும் பிறகு பேனலையும் இணைக்க வேண்டும். கழற்றும்போது முதலில் பேனல். இணைக்கும்வரை பேனலை ஒரு கனத்த போர்வையால் மூடி வையுங்கள். பேனலுக்கு சுவிட்ச் கிடையாது, வெயில் பட்டாலே அதில் மின்சாரம் இருக்கும்.

ஐப்பசிக்கு முன்பே ஒரு மாலை

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது நாம் கேட்டு வளர்ந்தது; 2023-இல் மழை மார்கழி வரை காத்திருந்தது. எனவே புரட்டாசி முடிவதற்குள் ஒருநாள் மாலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மறுநாள் மாலை வரை வீட்டார் எல்லோரும் அந்தப் பெட்டியை மட்டும் நம்பி இருந்து பாருங்கள். எந்த வயர் எட்டவில்லை, எந்தச் சார்ஜரைக் காணவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேற அம்மாவால் முடிகிறதா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். எங்கள் வீட்டு முதல் ஒத்திகையில் இரவு எட்டு மணிக்கே பேட்டரி பாதியாகியிருந்தது. காரணம் அடுத்த பத்தியில்.

பெட்டியின் 230 வோல்ட் சுவிட்சை அழுத்திவிட்டால், அதில் எதையும் மாட்டாவிட்டாலும் உள்ளேயிருக்கும் இன்வெர்ட்டர் தன்பாட்டுக்குப் பத்து முதல் இருபது வாட் வரை குடித்துக்கொண்டிருக்கும். நாள் முழுவதும் அப்படியே விட்டால் குறைந்தது 240 வாட்-மணி வீணாகும். இரண்டு விளக்கும் மூன்று கைப்பேசியும் ஒன்றரை நாளைக்கு உண்ணும் மின்சாரத்தைவிட அது அதிகம். எனக்கு நேர்ந்தது இதுதான். அதோடு பழைய விசிறியையும் ஓட்டியிருந்தேன். ஆகவே கைப்பேசிகளை யு.எஸ்.பி. துளையிலும், விளக்குகளை 12 வோல்ட் அல்லது யு.எஸ்.பி. விளக்குகளாகவும் வைத்துக்கொண்டு, 230 வோல்ட் சுவிட்சை நெபுலைசர் போன்ற தேவை வரும்போது மட்டும் போட்டு உடனே அணைத்துவிடுங்கள்.

மழை கொட்டும் நாட்களில்

புயல், கனமழை எச்சரிக்கை வந்த அன்றே பெட்டியையும் பவர் பேங்குகளையும் முழுவதும் ஏற்றிவிடுங்கள். பேனலைக் கட்டிலுக்கு அடியிலன்று, பரணில் வையுங்கள். காற்றும் மின்னலும் இருக்கும்போது பேனலை வெளியே வைக்க முயல வேண்டாம். கருமேகம் மூடிய நாளில் 100 வாட் பேனல் தன் திறனில் பத்து முதல் இருபத்தைந்து விழுக்காடு மட்டுமே தரும். நாள் முழுவதும் நனைந்துகொண்டு காத்திருந்தாலும் இரண்டு கைப்பேசிக்குக் கிடைத்தால் அதிகம்.

செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்து சிக்னல் போய்விட்டால், கைப்பேசி சிக்னலைத் தேடித் தேடியே தன் சார்ஜை இழக்கும். அதை விமான நிலையில் ('ஃபிளைட் மோடு') வைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மட்டும் திறந்து பாருங்கள். வீட்டில் ஒரு கைப்பேசியை மட்டும் உயிரோடு வைத்து மற்றவற்றை அணைத்துவிடுவது இன்னும் நல்லது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 ஆகிய எண்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

வெயில் திரும்பிய பிறகு

இப்போதுதான் பேனலுக்கு வேலை. திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. கோடையில் உச்சந்தலைக்கு மேல் நிற்கும் சூரியன், டிசம்பர் பிற்பகுதியில் நண்பகலிலும் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 58 பாகை உயரத்தில்தான் இருக்கும். பேனலைத் தரையில் படுக்கப் போட்டால் மின்சாரம் குறையும். தெற்கு நோக்கி, தரையிலிருந்து முப்பது பாகை அளவுக்கு நிமிர்த்தி வையுங்கள். கோணமானி தேவையில்லை. ஒரு பென்சிலைப் பேனலின் பரப்பில் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழல் மறையும்வரை பேனலைத் திருப்பினால் அதுவே சரியான நிலை. காலையில் தென்கிழக்காகவும், நண்பகலில் தெற்காகவும், மாலையில் தென்மேற்காகவும் மூன்று முறை திருப்பி வைத்தால் போதும். நல்ல வெயிலில் இப்படிச் செய்து நாளொன்றுக்கு 300 வாட்-மணி அளவு எடுக்கலாம்.

நிழல் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கூடுதலாக விழிப்போடு இருக்க வேண்டும், ஏனெனில் நம் தட்டட்டிகளின் மேல் எங்காவது ஒரு தென்னையோலையாவது சாய்ந்திருக்கும். பேனலுக்குள் இருக்கும் மின்கலங்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டவை. ஒரு கண்ணியில் நிழல் விழுந்தால் அந்தச் சங்கிலி முழுவதும் தளரும். கையகலக் கீற்று நிழல் பாதி மின்சாரத்தைத் தின்றுவிடும். வெள்ளச் சேறு, பறவை எச்சம், உதிர்ந்த இலை ஆகியவற்றை மெல்லிய துணியும் நல்ல தண்ணீரும் கொண்டு துடையுங்கள். காற்றில் பறக்காதபடி சட்டத்தை மணல் சாக்குகளோடு கட்டுங்கள். பேனல் வெயிலில் இருக்கலாம், பெட்டி இருக்கக்கூடாது. அது காற்றோட்டமான நிழலில், தரையிலிருந்து உயரமாக, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுத் தேவை போக மிஞ்சும் மின்சாரத்தைத் தெருவுக்குக் கொடுக்க முறை ஒன்று வேண்டும். 300 வாட்-மணியில் பன்னிரண்டு கைப்பேசிகள் ஏறும். ஒவ்வொருவருக்கும் முழுதாக ஏற்றாமல் பாதி என்று வைத்தால் இருபதுக்கு மேற்பட்ட வீடுகள் பேசிக்கொள்ளும். கர்ப்பிணிகள், மருந்து வேண்டுவோர், தெருவில் வேலை பார்க்கும் மின்வாரிய ஊழியர்கள் ஆகியோரை முதலில் வையுங்கள். 2025 நவம்பரில் இரண்டு நாள் மின்சாரம் இல்லாதபோது, பெயரும் வரிசை எண்ணும் எழுதிய துண்டுத்தாளைக் கைப்பேசியில் ஒட்டி வாங்கினோம். ஒரு சச்சரவும் வரவில்லை.

இன்சுலின் வைத்திருப்போர்

குளிர்பதனப் பெட்டி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 வாட்-மணி வரை கேட்கும் என்பதால், அதை ஓட்ட முயல்வது வீண். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளது பெரும்பாலும் 30 பாகைக்குக் கீழே நான்கு வாரம் வரை தாங்கும். உங்கள் மருந்துக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காருக்குறிச்சி மண்பானைகள் இரண்டை வாங்கி, பெரியதற்குள் சிறியதை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி, மருந்தை உறையிட்டு உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடினால் மின்சாரமே இல்லாமல் காக்கலாம். மழைக்காலக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் கோடையில் போல அது குளிராது. வெயில் திரும்பிய நாளின் சூட்டிலிருந்து மருந்தைக் காக்க அது போதும்.

செய்யவே கூடாதவை

பெட்டியிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ ஒரு வயரை எடுத்து வீட்டுச் சுவரிலிருக்கும் ப்ளக் துளைக்குள் மின்சாரத்தைச் செலுத்தாதீர்கள். அது மீட்டரைத் தாண்டித் தெருக்கம்பிக்குப் போகும். கம்பத்தில் ஏறியிருக்கும் ஒருவரின் உயிர் போகும். தண்ணீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரி வெளியே காய்ந்து காணப்பட்டாலும் அதைச் சார்ஜ் போடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கியிருந்தால் பல நாள் கழித்தும் தீப்பற்றலாம். அதை வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு விற்றவரிடம் ஒப்படையுங்கள். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். அதைப் பூட்டிய அறையில் வைக்காதீர்கள், அருகில் விளக்கேற்றாதீர்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஓட்டினால் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வெள்ளம் புகுந்த வீட்டில், சுவர் காய்ந்து வயர்களை மின்பணியாளர் சோதிக்கும்வரை மெயின் சுவிட்சைப் போடாதீர்கள். அதுவரை இந்தச் சிறு பெட்டியோடு இருங்கள்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் பேனலைத் துடைத்துக் காயவைத்துப் பரணில் ஏற்றுங்கள். பேட்டரியை முழுதாகவோ வெறுமையாகவோ விடாமல், ஐம்பது அறுபது விழுக்காட்டில் நிறுத்தி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து அளவு பார்த்து, குறைந்திருந்தால் ஏற்றுங்கள். எங்கள் வீட்டில் அந்த நாட்களை நாட்காட்டியில் அம்மா சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறார். அடுத்தது புரட்டாசி முதல் சனிக்கிழமை.